எட்டாம் நாள் நோய்: ஹிர்ட்டாவிலிருந்து ஹெய்மே வரை

முதல் நாள்: லெவர்பர்க், ஹாரிஸ் தீவு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹாரிஸ் தீவின் தென்கோடியில் லெவர்பர்க் என்ற சிறு துறை இருக்கிறது. செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்துக்குப் படகு ஏற இதுதான் வசதியான இடம். படகுகள் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஓடும். போவதற்கு இரண்டரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். காற்று மாறினால் அன்றைய பயணம் ரத்து; அடுத்த நாளும் ரத்தாகலாம். ஆகவே கையில் இரண்டு மூன்று நாள் உபரியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஏறுமுன் பைகளைத் தரையில் கொட்டி எலி எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட வேண்டும். அங்கே கூடு கட்டும் கடற்பறவைகளை அழிக்க ஒரு எலி போதும்.

செயின்ட் கில்டாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பறவைக்காக வருகிறார்கள். மீதிப்பேர், 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் கப்பலேறி ஊரையே காலி செய்துவிட்டுப் போன கதைக்காக வருகிறார்கள். ஊர் ஏன் தேய்ந்தது என்பதற்குத் தனிமை, பசி, வெளியூர் மோகம், கடுமையான மதபோதனை என்று பல காரணங்கள் சொல்வார்கள். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய ஒன்று, பிறந்து ஒரு வாரம் தாண்டாத குழந்தைகளின் சாவு. ஊர்க்காரர்களும் வந்துபோனவர்களும் அதை எட்டு நாள் நோய் என்றார்கள். மருத்துவம் அதற்கு வைத்திருக்கும் பெயர் பச்சிளங்குழந்தை ரணஜன்னி. டெட்டனஸ் என்றால் எல்லோருக்கும் புரியும்.

இதே நோய், இதே வயது, இதே அளவு சாவு, வடக்கே ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளிலும் இருந்தது. அங்கே 1847-ல் தொடங்கிய முயற்சியில் அது அடங்கியது. செயின்ட் கில்டாவில் 1891 வரை நீடித்தது. இடைப்பட்ட நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஏன் என்பதுதான் இந்தப் பயணத்தின் கேள்வி. அதனால்தான் செயின்ட் கில்டாவின் ஹிர்ட்டா தீவில் தொடங்கி, கிளாஸ்கோ வழியாக, வெஸ்ட்மன் தீவுகளில் ஒன்றான ஹெய்மேயில் முடிகிற மாதிரி வழியை அமைத்திருக்கிறோம்.

இரண்டாம் நாள்: ஹிர்ட்டா, கிராமக் குடா

செயின்ட் கில்டாவின் பெரிய தீவு ஹிர்ட்டா. வடக்கு யூயிஸ்ட் தீவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 64 கிலோமீட்டர். படகு குடாவில் நங்கூரம் போடும். அங்கிருந்து சிறு ரப்பர்ப் படகில் கரைக்கு வர வேண்டும். தென்கிழக்குக் காற்று அடித்தால் இறங்கவே முடியாது. அந்தக் காலத்திலும் இதே நிலைதான். நிலக்கிழாரின் ஆள் வாடகை வசூலிக்க ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை வருவார். குளிர்கால மாதங்கள் முழுக்க வெளியுலகத்தோடு பேச்சே கிடையாது.

கரையிலிருந்து மேலே நடந்தால் ஒரே வளைவாக ஓடும் தெரு. 1861, 62-ல் கட்டிய பதினாறு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1860-ல் அடித்த புயலுக்குப் பிறகு, சாந்து பூசிய சுவரும் துத்தநாகத் தகடு வேய்ந்த கூரையுமாகக் கட்டியவை. அவற்றுக்கு இடையிடையே கருவீடு, அதாவது கறுப்பு வீடு, என்று பெயர்பெற்ற பழைய கல்வீடுகளின் சுவர்கள் மொட்டையாக நிற்கின்றன. நோயைப் புரிந்துகொள்ள இந்தக் கருவீடுகளுக்குள் நின்று பார்க்க வேண்டும். கனமான கற்சுவர், ஜன்னல் இல்லை என்றே சொல்லலாம், புகைபோக்கி இல்லை. ஒரே கூரையின் கீழ் மேல்பாதியில் மனிதர்கள், சரிவான கீழ்ப்பாதியில் மாடு.

தரை மண்தரை. அடுப்புச் சாம்பல், புல்லோடு வெட்டிய மண்கட்டி, மாட்டுச் சாணி, மனிதக் கழிவு, பறவைக் குடல், எலும்பு எல்லாம் அதன்மேலேயே கொட்டப்படும். நீர் தெளித்து மிதித்து மட்டம் செய்வார்கள். அதன்மேல் இன்னொரு அடுக்கு. குளிர்காலம் நகர நகரத் தரை உயர்ந்துகொண்டே போகும். வசந்தத்தில் மொத்தத்தையும் வெட்டி எடுத்து வயலுக்குப் போடுவார்கள். பார்லியும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் அந்த எருவில்தான் விளைந்தன. இதை அழுக்குப்பழக்கம் என்று முகம் சுளிப்பது நியாயமில்லை. உப்புக்காற்றில் மண் வளம் இழக்கும் ஒரு தீவில் ஒரு பிடி எருவைக்கூட வீணாக்காமல் இருப்பதற்கான கணக்கு அது. ஆனால் அதே கணக்கு, ரணஜன்னிக் கிருமிக்குப் படுக்கையும் விரித்துக் கொடுத்தது. அந்தக் கிருமி ஆடு மாடு குதிரை மனிதன் என எல்லாக் குடலிலும் தங்கும், சாணியோடு வெளியே வரும், எருவிட்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பிரசவம் நடந்ததும் அதே தரைக்குப் பக்கத்தில்தான்.

பாதிரியார் கென்னத் மக்காலே 1758-ல் இங்கே வந்தார். அப்போது ஊரில் 88 பேர். 1764-ல் அச்சேறிய தம் நூலில் அவர் எழுதிய விவரத்தை இன்றைய குழந்தை மருத்துவர் படித்தால் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார். நாலாம் ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிப்பதை விட்டுவிடும். ஏழாம் நாள் ஈறுகள் கிட்டிப்போய், தொண்டைக்குள் ஒரு சொட்டு இறக்க முடியாது. பிறகு இழுப்பு. எட்டாம் நாள் சாவு. பல்லுக் கிட்டிப்போதல் என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதுதான். பல் முளைக்காத வாயில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1697-ல் மார்ட்டின் மார்ட்டின் வந்தபோது இங்கே ஏறக்குறைய 180 பேர் இருந்தார்கள். தீவின் நோய்களை ஆர்வமாகக் குறித்த மனிதர் அவர். குழந்தைச் சாவைப்பற்றி ஒரு வரி இல்லை. நடுவே 1727-ல் பெரியம்மை வந்து ஊரில் பெரும்பாலோரை வாரிக்கொண்டு போயிற்று. பறவை பிடிக்கக் கடற்பாறை ஒன்றுக்குப் போயிருந்த மூன்று ஆண்களும் எட்டுச் சிறுவர்களும், அழைத்துவர ஆளில்லாமல் அந்தப் பாறையிலேயே குளிர்காலம் கழித்து உயிர்தப்பினார்கள். பிறகு வேறு தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து ஊரை நிரப்பினார்கள். நோயோ, நோயை வரவழைத்த ஏதோவொரு பேறுகாலப் பழக்கமோ அப்போதுதான் உள்ளே வந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. நிரூபணம் என்று அதைச் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள்: ஹிர்ட்டா, இடுகாடு

தெருவுக்குப் பின்னால் முட்டை வடிவத்தில் சுற்றுச்சுவர் எழுப்பிய இடுகாடு. உள்ளே நடக்கும்போது காலைப் பார்த்து வையுங்கள். பெரும்பாலானவை பெயர் பொறிக்காத, செதுக்காத கற்கள். புல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன. அந்த மண்ணில் கிடப்பவர்களில் எத்தனையோ பேருக்கு எட்டு நாள்தான் வயது.

1830-ல் பாதிரியார் நீல் மக்கென்சி வந்து பிறப்பு இறப்புப் பதிவேட்டைத் தொடங்கிய பிறகு நோயின் அளவு எழுத்தில் தெரிய ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மோசமான பத்தாண்டுகளில், உயிரோடு பிறந்த மூன்று குழந்தைகளில் இரண்டு இந்த நோய்க்கே போயின. 1851-ல் ஊரில் 110 பேர். 1852-ல் அவர்களில் 36 பேர் பிரிசில்லா என்ற கப்பலில் ஆஸ்திரேலியா கிளம்பினார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். அதன்பின் ஊர் பழைய எண்ணிக்கையை எட்டவே இல்லை. வெளியேறியவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வெளியேறியவர்களின் இடத்தை நிரப்பியிருக்க வேண்டிய பிள்ளைகள் இந்தச் சுவருக்குள் இருக்கிறார்கள் என்பதை அதே அழுத்தத்தோடு யாரும் சொல்வதில்லை.

இங்கே வருகிற எவரும் கேட்கிற கதை ஃபுல்மர் எண்ணெய்க் கதை. ஃபுல்மர் என்ற கடற்பறவை தன் இரைப்பையிலிருந்து எண்ணெயைக் கக்கும். ஊர்க்காரர்கள் அதைச் சேர்த்து, கேனட் பறவையின் காய்ந்த இரைப்பையில் ஊற்றிக் கட்டி வைப்பார்கள். விளக்குக்கும் அதுதான், மருந்துக்கும் அதுதான், வாடகையாகக் கொடுப்பதும் அதுதான். மருத்துவச்சி அந்த எண்ணெயைத் தொப்புளில் பூசியதால்தான் நோய் வந்தது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுத ஆரம்பித்தார்கள். இன்றும் வழிகாட்டிகள் அதையே சொல்கிறார்கள்.

எங்களுக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. ஃபுல்மர் கடலில் உண்டு கடலில் வாழும் பறவை. அதன் இரைப்பையில் எருமண் புக வழி குறைவு. திரும்பத் திரும்ப நிரப்பிய பழைய இரைப்பைப் பை, மண்தரையில் கிடந்து, அழுக்குக் கை பட்டு, அந்த வழியில் எண்ணெய் கெட்டிருக்கலாம். அப்படியானால் குற்றவாளி எண்ணெய் இல்லை, பையும் கையும்தான். அடுத்து, ஃபுல்மர் பிரிட்டனில் 1878 வரை செயின்ட் கில்டாவில் மட்டுமே கூடு கட்டியது. ஆனால் பச்சிளங்குழந்தை ரணஜன்னி லூயிஸ் தீவிலும் இருந்தது. அங்கே ஃபுல்மர் எண்ணெய்க்கு எங்கே போவார்கள்? கத்தி, நூல், தொப்புளைச் சுற்றும் துணி, பிடிக்கும் கை என்று நாலு வாசல் திறந்திருக்க, ஐந்தாவதாக ஒரு வாசலை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. எண்ணெயை நிறுத்திவிட்டு மற்ற நாலையும் விட்டிருந்தால் சாவு நின்றிருக்காது.

வீட்டின் மேல் மட்டும் பழி போடுவதும் இதே மாதிரிதான். 1862-க்குள் புது வீடு வந்துவிட்டது. மாடு தனி இடத்துக்குப் போய்விட்டது. குழந்தைகள் அதன்பிறகும் முப்பது ஆண்டு செத்தன.

நான்காம் நாள்: ஹிர்ட்டா, கடல் சரியில்லை

படகு வரவில்லை. முகாமில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்குத்தான் இடம், முன்பதிவு வேண்டும். சாப்பாடு முழுவதும் கையோடு கொண்டுவர வேண்டும், இரண்டு நாள் கூடுதலாகவே. காத்திருக்கும் நேரத்தில் நோயின் உள்வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ஏன் எட்டாம் நாள்? தொப்புள்கொடியை அறுத்ததும் மிச்சமாக நிற்கும் துண்டு உடலோடு ஒட்டியிருந்தாலும் செத்த சதை. ரத்தம் ஓடாது, ஆகவே ஆக்சிஜன் கிடையாது. ரணஜன்னிக் கிருமி ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் வளராது. மண்ணில் அது வித்து வடிவில் உறங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு முனையில் உருண்டையோடு முரசடிக்கும் குச்சி போல இருக்கும். அந்த வித்து கொடியின் செத்த துண்டுக்குள் போய்விட்டால் தனக்கென்று செய்து வைத்த இடம் மாதிரி முளைக்கிறது. முளைக்க, பெருக, நஞ்சு சுரக்க, அந்த நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏற, மூன்றிலிருந்து பதினான்கு நாள் ஆகும். பெரும்பாலும் ஆறு, ஏழு, எட்டு. பிரேசிலில் இதை ஏழு நாள் நோய் என்றார்கள். பெயரில் ஒரு நாள் முன்னே பின்னே இருந்தாலும் எண்ணியது ஒரே கடிகாரத்தைத்தான்.

கிருமி தொப்புளைவிட்டு நகர்வதில்லை. தொப்புள் பல நேரம் சீழ் கூட இல்லாமல், பார்க்க நன்றாகவே இருக்கும். இதுதான் ஏமாற்றும் இடம். வேலையைச் செய்வது நஞ்சு. தசையை இறுக்கு என்ற கட்டளைக்குச் சமமாகத் தளர்த்து என்ற கட்டளையும் தண்டுவடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நஞ்சு அந்தத் தளர்த்தும் கட்டளையை மட்டும் அடைத்துவிடுகிறது. மிச்சம் இருப்பது இறுக்கம்தான். முதலில் தாடை, ஏனென்றால் அதன் நரம்பு குட்டை. உதடு இழுத்துக்கொண்டு சிரிப்பது போலத் தோன்றும். பிறகு கழுத்து, முதுகு. குதிகாலும் பின்தலையும் மட்டும் படுக்கையில் படும்படி உடல் வில்லாக வளையும். கதவு சாத்தும் சத்தம், விளக்கு வெளிச்சம், அம்மாவின் கை, எது பட்டாலும் இழுப்பு வரும். இவ்வளவுக்கும் குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை. மூச்சுத் தசை இறுகும்போது முடிந்துவிடுகிறது. மனிதரைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 நானோகிராம் நஞ்சு போதும் என்பது மதிப்பீடு. மூன்று கிலோ குழந்தைக்கு ஏழரை நானோகிராம். கண்ணுக்குத் தெரியும் தூசியைவிடக் குறைவு.

இன்றும் ஒரு குழந்தைக்கு இந்த நோய்தானா என்று முடிவு செய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படுவதில்லை. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: முதல் இரண்டு நாள் குழந்தை நன்றாக அழுது பால் குடித்ததா? மூன்றாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள் குடிப்பதை நிறுத்தியதா? உடம்பு விறைத்ததா, இழுப்பு வந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால் ரணஜன்னி. பிறந்ததிலிருந்தே குடிக்காத குழந்தைக்கு வேறு காரணம் தேட வேண்டும். மக்காலே எழுதியதை இந்தக் கேள்விகளில் பொருத்திப் பாருங்கள், அப்படியே உட்காரும்.

குளிர் நாட்டில் இந்தக் கிருமி எப்படி என்று சிலர் கேட்பார்கள். வெப்பமும் ஈரமும் இருக்கும் மண் அதற்குக் கூடுதல் வசதி என்பது உண்மை. ஆனால் எருவும் கால்நடையும் ஒரே இடத்தில் நூற்றாண்டுக்கணக்கில் குவிந்தால் அட்லாண்டிக் நடுவிலும் அது வாழும். துருப்பிடித்த இரும்புதான் காரணம் என்பதும் தவறான நம்பிக்கை. பளபளக்கும் கத்தியிலும் வித்து ஒட்டியிருக்கலாம். கொதிநீரில் சில நிமிடம் முக்கினாலும் வித்து பிழைத்துவிடும். அழிக்க 121 டிகிரி நீராவி அழுத்தத்தில் பதினைந்து இருபது நிமிடம் வைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: கிளாஸ்கோ

லெவர்பர்க்கிலிருந்து ஹாரிஸின் டார்பர்ட் துறைக்கு வந்து, ஸ்கை தீவின் யூயிக் வரை கப்பல், அங்கிருந்து பேருந்து. கிளாஸ்கோ வந்து சேர முழு நாளும் போய்விடுகிறது. இந்த நகரத்துக்கு வரக் காரணம் இரண்டு பெயர்கள்.

முதல் பெயர் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர். கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 1865 ஆகஸ்ட் 12 அன்று, கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த நிலையில் வந்த பதினொரு வயதுச் சிறுவனின் புண்ணில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். சீழ் பிடிக்காமல் ஆறியது. 1867-ல் முறையை வெளியிட்டார். அவர் வேலை பார்த்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மருத்துவமனை அதே இடத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பழைய பேராலயம், நடந்தே பார்த்துவிடலாம். கிருமி புண்ணுக்குள் போகாமல் தடுத்தால் போதும் என்ற அறிவு, ஹிர்ட்டாவின் வாடகையும் இறகும் எண்ணெயும் எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தனவோ அதே நாட்டின் பெரிய நகரத்தில், 1867-லேயே அச்சில் இருந்தது. தீவில் குழந்தைகள் அதன்பின் இருபத்துநாலு ஆண்டு செத்தன.

இரண்டாவது பெயர் ஆங்கஸ் ஃபிடஸ். 1889-ல் ஹிர்ட்டாவுக்குப் பாதிரியாராக வந்தவர். குழந்தைகளைப் புதைத்துப் புதைத்து, பொறுக்க முடியாமல் கிளாஸ்கோவுக்குப் போய்ப் பேறுகாலத் தூய்மை முறையையும் கிருமிநாசினியைப் பயன்படுத்தும் விதத்தையும் கற்றுக்கொண்டு திரும்பினார். ஊரில் முதலில் எதிர்ப்பு. ஆண்டவன் எடுத்துக்கொள்ள நினைத்த குழந்தையை மனிதன் தடுக்கலாமா என்ற எண்ணம் ஆழமாக இருந்தது. அதை வெளியிலிருந்து வந்த மருத்துவர் சொன்னால் எடுபட்டிருக்காது. சர்ச் மேடையில் நிற்பவரே கையைக் கழுவச் சொன்னதுதான் திருப்பம். 1891-க்குப் பிறகு ஹிர்ட்டாவில் எட்டு நாள் நோயால் ஒரு குழந்தையும் சாகவில்லை. அதே மண், அதே எரு, அதே பறவை, அதே எண்ணெய். மாறியது தொப்புளைத் தொடும் விதம் மட்டும்.

இது தீவுகளுக்கே உரிய நோய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டப்ளின் நகரத்தின் பிரசவ மருத்துவமனையில், 1782 முடிய உயிரோடு பிறந்த 17,650 குழந்தைகளில் 2,944 குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் இறந்தன. பெரும்பாலானவை ஒன்பது நாள் இழுப்பால்; இதே நோய்க்கு அங்கே அந்தப் பெயர். ஜோசப் கிளார்க் என்ற மருத்துவர் கெட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்து, ஜன்னலிலும் கதவிலும் துளை போட்டார். சாவு வெகுவாகக் குறைந்தது. காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டும் நெரிசலையும் அழுக்கையும் குறைத்ததால் பலன் கிடைத்தது. நகரத்தில் இப்படி ஒரு மருத்துவர் கணக்குப் பார்த்தார், ஏதாவது செய்தார். ஹிர்ட்டாவில் கணக்கு எழுதியவர்கள் பாதிரியார்கள். படித்து நடவடிக்கை எடுக்க யாரும் இல்லை.

ஃபிடஸ் கற்றுக்கொண்ட பாடம் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது. மருத்துவமனை எட்டாத தீவுகளில் பிரசவம் பார்ப்பவர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிய கை. தாயின் உடலைத் துடைத்துச் சுத்தம் செய்வது. அடியில் விரிக்கச் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பு. பிறந்ததும் கொடியை அவசரப்பட்டு அறுக்க வேண்டாம், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுக்கலாம். வயிற்றிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி முதல் கட்டு, அதற்கு அப்பால் இன்னொரு கட்டு, இரண்டுக்கும் நடுவே உறை பிரிக்காத புது பிளேடால் அறுக்க வேண்டும். கட்டு தளர்ந்தால் ரத்தம் கசியும். ஆகவே அறுத்த பிறகு ஒருமுறை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். பிளேடு, இரண்டு நூல், சோப்பு, விரிப்பு நாலும் ஒரே பொட்டலத்தில் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும். வலி எடுத்த பிறகு தேடப் போனால் கைக்கு அகப்படுவது சமையல் கத்தியும் பழந்துணியும்தான்.

பிறகு கொடித்துண்டின்மேல் எதுவும் போடாமல் காய விட வேண்டும். சாம்பல், சாணி, எண்ணெய், மஞ்சள், மூலிகைச்சாறு எதுவும் வேண்டாம். துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டினால் சிறுநீர் படாது. ஐந்திலிருந்து பதினைந்து நாளில் தானாக விழும். ஏதாவது பூசியே ஆக வேண்டும் என்ற பழக்கம் ஆழமாக இருக்கும் இடங்களில், வெறுமனே பூசாதே என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். அங்கே கேடானதன் இடத்தில் 7.1 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கரைசலை முதல் வாரம் தினமும் பூசச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. குப்பி பார்ப்பதற்குக் கண் சொட்டு மருந்துக் குப்பி மாதிரியே இருப்பதால் குழந்தையின் கண்ணில் விட்டுவிடுகிறார்கள். கண்மணி வெந்து பார்வை போன சம்பவங்கள் உண்டு. எனவே களிம்பு வடிவம் நல்லது; சொட்டுக் குப்பியாகக் கொடுக்கவே கூடாது.

ஆறாம் நாள்: கெஃப்ளாவிக் போகும் வழியில்

கிளாஸ்கோவிலிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்ளாவிக் விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் விமானம். கீழே மேகம் மட்டும்தான்.

ஹெய்மேயின் கதை முடிந்து, ஹிர்ட்டாவின் கதை முடியும் தறுவாயில்தான் அறிவியல் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1884-ல் ஆர்தர் நிக்கோலாயர் தோட்டத்து மண்ணை விலங்குகளின் தோலுக்கு அடியில் வைத்து நோயை வரவழைத்தார். 1889-ல் கிடசாடோ ஷிபசபுரோ கிருமியைத் தனியே பிரித்தார். கலப்பு வளர்ப்பை 80 டிகிரிக்குச் சூடாக்கி மற்றவற்றைக் கொன்று, பிழைத்த வித்துகளை ஹைட்ரஜன் சூழலில் வளர்த்தது அவருடைய உத்தி. மறு ஆண்டே அவரும் எமில் பெரிங் என்ற மருத்துவரும் நஞ்சுமுறி மருந்தைக் காட்டினார்கள். தடுப்பூசி 1920களில்.

தாய்க்குப் போட்ட தடுப்பூசி பிள்ளையைக் காக்கும் என்று களத்தில் காட்டியதும் ஒரு தீவில்தான். நியூகினியின் மாப்ரிக் பகுதியில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டு நடத்திய ஆய்வு 1961-ல் வெளியாயிற்று. ஒரு ஊசி போட்டால் பலன் இல்லை, இரண்டு போட்டால் உண்டு, மூன்று போட்டால் இன்னும் அதிகம் என்பது அதில் தெளிவாயிற்று. இன்றைய விதி அங்கிருந்து வந்ததுதான்: அரை மில்லிலிட்டர் வீதம் இரண்டு ஊசி, இடையில் குறைந்தது நாலு வாரம், இரண்டாவது ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு. தாயின் எதிர்ப்பொருள் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர அந்த இரண்டு வாரம் வேண்டும். கடைசி மாதத்தில் படகில் வந்து முதல் ஊசி போட்டுக்கொள்ளும் தாய்க்கு அந்தப் பிரசவத்தில் பாதுகாப்பு இல்லை, இரண்டாவது ஊசியும் போட்டால் அடுத்ததற்குத்தான். தொலைதீவுகளில் பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு பிழை குளிர்பெட்டியில் நடக்கிறது. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு படுமோ என்ற பயத்தில் ஐஸ்கட்டிக்கு நேரடியாக ஒட்டி வைத்து உறையவிட்டுவிடுகிறார்கள். உறைந்து உருகிய மருந்து வேலை செய்யாது. குலுக்கிவிட்டு நிற்க வைத்தால் திப்பி திப்பியாகச் சீக்கிரம் அடியில் படியும். நல்ல குப்பி நெடுநேரம் ஒரே கலங்கலாக இருக்கும். சந்தேகம் வந்தால் வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒரு குப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அரை மணி நேர வேலை.

1988-ல் உலகம் முழுக்க 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்த நோயால் இறந்ததாக மதிப்பிட்டார்கள். 2018-க்கான மதிப்பீடு 25,000. பெரியம்மையைப் போல இதை ஒழித்துக்கட்ட முடியாது, கிருமி மண்ணில் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் ஆயிரம் பிறப்புக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்தால் நீக்கப்பட்டது என்று கணக்கு. ஊசியை நிறுத்தினால் திரும்ப வரும்.

ஏழாம் நாள்: ஹெய்மே, வெஸ்ட்மன் தீவுகள்

தென்கரையில் லாண்டெயாஹோஃப்ன் என்ற துறையிலிருந்து ஹெர்யோல்வூர் கப்பல் நாற்பது நிமிடத்தில் ஹெய்மேக்கு வந்துவிடுகிறது. கடல் கொந்தளித்தால் அந்தத் துறையை மூடிவிட்டு மேற்கே தோர்லாக்ஸ்ஹோஃப்னிலிருந்து கப்பல் விடுவார்கள், அப்போது மூன்று மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவே எந்தத் துறை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் நுழையும்போதே 1973 ஜனவரி 23 அன்று வெடித்த எரிமலையின் கரும்பாறை துறைமுகத்தை நெருக்கி நிற்பது தெரியும். எல்லோரும் அதைப் பார்க்க மலையேறுகிறார்கள். நாம் போக வேண்டியது துறைமுக முகப்பில் ஸ்கான்சின் கோட்டை அருகே நிற்கும் கறுப்பு மரவீட்டுக்கு. அதன் பெயர் லாண்ட்லிஸ்ட்.

இந்தத் தீவிலும் மலைமுகட்டில் கயிறு கட்டி இறங்கி ஃபுல்மரும் பஃபின் என்ற கடற்பறவையும் பிடித்தார்கள். இங்கும் மண் தட்டுப்பாடு, விறகு தட்டுப்பாடு. பறவைக் கழிவையும் எலும்பையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். நன்னீர் ஊற்று போதாமல் கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துக் குடித்தார்கள். பெருநிலத்திலிருந்து குழாய் வந்தது 1968-ல்தான். கையைக் கழுவு என்று சொல்வது எளிது, தண்ணீர் எங்கே? நோய்க்கு இங்கே கின்க்லோவி என்று பெயர், தாடை பூட்டிக்கொள்வதைக் குறிக்கும் சொல். பிறந்த மூன்றில் இரண்டு குழந்தை என்ற அதே கணக்கு இங்கும். தீவின் மக்கள்தொகை தன் பிள்ளைகளால் வளரவில்லை, வெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்களால் நின்றது.

டென்மார்க் அரசு 1847-ல் பீட்டர் அன்டன் ஷ்லைஸ்னர் என்ற இளம் மருத்துவரை அனுப்பியது. நோய்க்குக் கிருமி காரணம் என்ற எண்ணம் அப்போது மருத்துவத்தில் வேரூன்றவில்லை. லிஸ்டருக்குப் பதினெட்டு ஆண்டு முன்னால். கெட்ட காற்று, ஈரவீடு, பறவை இறைச்சி என்று என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலம். அவர் காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டின் மண்தரையிலிருந்து பிரசவத்தையே வெளியே எடுத்தார். லாண்ட்லிஸ்ட்டில் பேறுகால மனை ஒன்றைத் தொடங்கி, தாய்மார்களை அங்கே வரவழைத்தார். ஐஸ்லாந்தின் முதல் பிரசவ மருத்துவமனை அது. சுத்தமான படுக்கை, சுத்தமான துணி. பசும்பால் புகட்டும் பழக்கத்தை மாற்றித் தாய்ப்பால் கொடுக்கச் சொன்னார். தொப்புளுக்குக் கோபைபா பிசினெண்ணெய் தடவினார். ஊரார் அதைத் தொப்புள் எண்ணெய் என்றே அழைத்தார்கள்.

சாவு சில ஆண்டுகளில் சரிந்தது. எண்ணெய்தான் காப்பாற்றியது என்று தீவு நம்பியது. ஹிர்ட்டாவில் எண்ணெய்தான் கொன்றது என்று நம்பியதைப் போலவே. உண்மையில், பழைய பூச்சின் இடத்தை மண் படாத ஒரு குப்பி மருந்து பிடித்துக்கொண்டதும், மண்தரை வீட்டிலிருந்து பலகைத்தரை வீட்டுக்குத் தாய் வந்ததும்தான் பெரிய மாற்றம் என்பது எங்கள் கருத்து. அந்தப் பிசினெண்ணெய்க்குக் கொஞ்சம் கிருமி அடக்கும் குணமும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

லாண்ட்லிஸ்ட் இப்போது சிறிய மருத்துவ அருங்காட்சியகம். முன்பு ஊருக்குள் நின்ற வீட்டை இந்த இடத்தில் மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே குனிந்து நுழைய வேண்டும். அறைகள் அவ்வளவு சின்னவை. பலகைத்தரையில் காலால் தட்டிப் பாருங்கள், அடியில் மண் இல்லாத வெற்று ஒலி வரும். ஹிர்ட்டாவின் கருவீட்டில் நின்றுவிட்டு இங்கே வந்தால் அந்த ஒலியின் கனம் தெரியும்.

ஷ்லைஸ்னர் 1848-ல் கோபன்ஹேகன் திரும்பி, தாம் பார்த்ததையும் செய்ததையும் 1849-ல் டேனிஷ் மொழியில் புத்தகமாக அச்சிட்டார். அந்த ஆண்டில் ஹிர்ட்டாவில் எட்டு நாள் நோய்க்கு இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டு பாக்கி இருந்தது.